அகப்பை யார் கையில்? பெங்களூரில் மதங்கள் நடத்தும் பொதுநலம்

அல்சூரில் எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பூர்வீகம் திருப்பத்தூர் பக்கம், தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். சவாரி இல்லாத ஒரு மத்தியானம், டீக்கடை வாசலில் நின்றபடி ஒரு கணக்குச் சொன்னார். மூத்த பெண் பிறந்தது சிவாஜிநகர் கோஷா ஆஸ்பத்திரியில். அம்மாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றியது ஒயிட்ஃபீல்டு சாய்பாபா ஆஸ்பத்திரியில், ஒரு பைசா வாங்காமல். சின்னவள் அரசுப் பள்ளியில் சாப்பிடுவது 'இஸ்கான் ஊட்டா', அதாவது ஹரே கிருஷ்ணா கோயில்காரர்கள் அனுப்பும் சாப்பாடு. கொரோனாவில் வண்டி ஓடாத மாதங்களில் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் வந்தது ஒரு மசூதி கமிட்டி வழியாக. கையில் காசு குறைந்தால் இன்றைக்கும் ஏரிக்கரை குருத்வாராவில் போய் பந்தியில் உட்கார்ந்துவிடுவார். "எந்தச் சாமிக்குக் கடன்பட்டிருக்கேன்னே தெரியல சார்" என்று சிரித்தார்.

அவர் கணக்கில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது: சர்க்கார். கோஷா ஆஸ்பத்திரி, பர்தா முறையில் இருந்த பெண்களுக்காக ஹாஜி சர் இஸ்மாயில் சேட் என்ற வணிகரின் கொடையில் எழுந்தது. இன்று அது அரசு மருத்துவமனை. பள்ளியில் இஸ்கான் சமைத்துத் தரும் சோற்றின் அரிசி, மத்திய அரசின் உணவுக் கழகக் கிடங்கிலிருந்து வருவது. ஒயிட்ஃபீல்டு மருத்துவமனை நிற்கும் நிலம் கர்நாடக அரசு கொடுத்தது. ஆக, மூலப்பொருளில் பெரும்பங்கு பொதுச் சொத்து. அகப்பை மட்டும் மத நிறுவனத்தின் கையில்.

படைக்கிறவன் நம்மவனாக இருந்தால் பந்தியில் எங்கே உட்கார்ந்தால் என்ன என்று நம் ஊரில் சொல்வார்கள். மதங்கள் செய்யும் பொதுநலத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். அவர்கள் நல்லது செய்கிறார்களா என்பதில் பெரிய சந்தேகம் இல்லை, செய்கிறார்கள். பந்தியில் என்ன பரிமாறுவது, யாருக்கு, எதுவரை என்பதை யார் முடிவு செய்வது என்பதில்தான் எல்லாச் சண்டையும் இருக்கிறது.

பஞ்சமும் பட்டாளமும்

பெங்களூருக்கு இது புதிதல்ல. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தபோது, பட்டாளத்துக்குப் பின்னாலேயே சென்னை ராஜதானியிலிருந்து தமிழர்கள் வந்தார்கள். சமையல்காரர், சலவைக்காரர், காண்டிராக்டர், குமாஸ்தா, குதிரைக்காரர். அவர்களுக்கு ராணுவம் கூலி கொடுத்தது. பள்ளி, மருந்து, சாவுச் செலவு எதுவும் அதன் கணக்கில் இல்லை. அந்த இடைவெளியை ஆங்காங்கே கோயில், சர்ச், ஜமாத், சாதிச் சங்கம் நிரப்பின. இன்று உயர் நீதிமன்றமாக இருக்கும் அத்தாரா கச்சேரியைக் கட்டிய காண்டிராக்டர் ஆற்காடு நாராயணசாமி முதலியார், 1873-ல் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலான அறக்கட்டளையின் கீழ் நடக்கிறது. இங்கே பழைய ஆட்கள் 'ஆர்பிஏஎன்எம்' என்று ஒரே மூச்சில் சொல்வது அதைத்தான்.

பிறகு 1876–78 பெரும் பஞ்சம். மைசூர் சமஸ்தானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்துபோனதாக மதிப்பீடு. அநாதையான குழந்தைகளை மிஷன்கள் எடுத்து வளர்த்தன. அந்தக் குழந்தைகளில் பலர் கிறிஸ்தவர்களாக வளர்ந்தார்கள் என்பதும், அவர்கள் உயிரோடு வளர்ந்தார்கள் என்பதும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு வாதம் செய்கிறவர்கள் இன்றும் உண்டு. 1886-ல் நல்லாயன் சபைக் கன்னியர் தொடங்கிய செயின்ட் மார்த்தாஸ் மருத்துவமனை, இந்த ஊரின் மிகப் பழைய மருத்துவமனைகளில் ஒன்று. அது திறந்து 12 ஆண்டுகளில், 1898-ல், பிளேக் வந்தது. மக்கள் ஒரு கையால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், இன்னொரு கையால் ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டினார்கள். 'பிளேக் அம்மா' என்று ஒரு தெய்வமே இந்த ஊரில் உண்டு.

கர்நாடகத்துக்கென்று இன்னொரு மரபும் இருக்கிறது: தாசோகம். 12-ம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தவாதி பசவண்ணர் காலத்திலிருந்து வரும் சொல். உழைத்து ஈட்டியதைச் சமூகத்தோடு பகிர்ந்து உண்பது என்று பொருள் சொல்லலாம். அவர் வழிவந்த லிங்காயத்து மடங்கள் அதைச் சோறு, படிப்பு, தங்குமிடம் என்று மூன்றாக நடத்துகின்றன. தும்கூரு சித்தகங்கா மடத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இலவசமாகத் தங்கிப் படிக்கிறார்கள். அதன் மடாதிபதி சிவகுமார சுவாமி 2019 ஜனவரியில் 111 வயதில் மறைந்தபோது, அங்கே படித்த பிள்ளைகளின் தலைமுறைகள் வரிசையில் நின்றன. பள்ளி மதிய உணவுக்குக் கர்நாடக அரசு வைத்த பெயர் 'அக்ஷர தாசோஹ'. திட்டத்தின் பெயரையே அரசு மடத்திடமிருந்து கடன் வாங்கியது. அப்புறம் அகப்பையையும் கொடுத்தது.

ஐந்து பள்ளிகளில் தொடங்கிய சமையல்

2000 ஜூனில் இஸ்கான் பெங்களூரு, இந்த ஊரின் 5 அரசுப் பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்கு மதியம் சோறு போட ஆரம்பித்தது. அட்சய பாத்திரம் என்று பெயர். தமிழனுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் மணிமேகலை கையிலிருந்த அமுதசுரபிதான் ஞாபகம் வரும். அவர்கள் எடுத்தது பாண்டவர் வனவாசக் கதையிலிருந்து.

அந்த நேரத்தில் நிலைமை என்ன என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் காமராஜர் 1956-ல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரித்து, 2000-ல் ஒரு தலைமுறையே பள்ளியில் சாப்பிட்டு வளர்ந்திருந்தது. இந்தியாவின் பல மாநிலங்களில் 1995-ல் தொடங்கிய மத்தியத் திட்டத்தின்படி, ஒழுங்காகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு மாதம் 3 கிலோ தானியத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு அதையே மதிய உணவு என்று கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சமைத்த சோறுதான் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2001 நவம்பர் 28-ல். கர்நாடக அரசின் அக்ஷர தாசோஹ, 2002 ஜூனில் வடகிழக்கு மாவட்டங்களில் தொடங்கியது. அதாவது பெங்களூரில் பிள்ளைகளுக்கு முதலில் வந்து சோறு போட்டது கோயில். சட்டம் பின்னால் வந்தது. இந்தப் பெருமையை யாரும் அவர்களிடமிருந்து பறிக்க முடியாது.

வேலை நடக்கும் விதமும் சாதாரணமானது அல்ல. பொழுது விடியும் முன்பே பெரிய அண்டாக்களில் நீராவியில் சோறு வேகிறது. சாம்பார் அண்டா ஒவ்வொன்றும் ஆயிரம் லிட்டரைத் தாண்டும். இறுக்கி மூடிய எவர்சில்வர் பாத்திரங்களில் அடைத்து, பள்ளி பள்ளியாக வேன் போகிறது. எங்கள் தெருமுனைப் பள்ளியில் அந்த வேனின் சத்தம் கேட்டதுமே வகுப்பில் பாடம் முடிந்துபோகும். டீச்சர் எவ்வளவு கத்தினாலும் பிள்ளைகளின் காது வாசலில்தான். ஐந்து பள்ளியில் தொடங்கியது, இன்று பல மாநிலங்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போகிறது. 2024-ல் 400 கோடியாவது சாப்பாட்டை ஐக்கிய நாடுகள் சபை வளாகத்தில் கொண்டாடினார்கள். அரசின் தானியமும் சமையல் மானியமும் ஒரு பக்கம், நன்கொடையும் கம்பெனிகள் சட்டப்படி ஒதுக்க வேண்டிய 2 சதவீத சமூகப் பொறுப்பு நிதியும் இன்னொரு பக்கம் என்று சக்கரம் ஓடுகிறது.

சிக்கல் வெங்காயத்தில் வந்தது. அது வைணவச் சமையலறை. வெங்காயம், பூண்டு சேராது. முட்டை பக்கமே போகாது. 2018-ல் மாநிலக் கல்வித் துறை இவற்றைச் சேர்க்கச் சொன்னபோது அவர்கள் மறுத்தார்கள். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் மைசூரின் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும் பட்டியலைப் பார்த்து, கலோரியும் புரதமும் விதிப்படி இருக்கின்றன என்றன. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். நடுநிலைப் பள்ளிக்கு 700 கலோரி, 20 கிராம். உணவு உரிமை இயக்கத்தினரின் பதில் எளிமையானது: பிள்ளைகள் வீட்டில் சாப்பிடும் ருசி அதில் இல்லை, அதனால் தட்டில் மிச்சம் விடுகிறார்கள், மிச்சத்தில் இருக்கும் புரதத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

என் மனது இரண்டாவது தரப்பின் பக்கம்தான் சாய்கிறது. பூண்டில் பெரிய சத்து இருக்கிறது என்பதற்காக அல்ல. வடலூரை எடுத்துக்கொள்வோம். வள்ளலார் 1867-ல் தருமச்சாலை திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கேயும் முட்டை கிடையாது. யாராவது சண்டைக்குப் போனார்களா? போக மாட்டார்கள். வடலூருக்குப் போகிறவர் வள்ளலாரின் இலையில் உட்கார்கிறோம் என்று தெரிந்துதான் உட்கார்கிறார். அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தத் தெரிவு இல்லை. அது அந்தப் பிள்ளையின் சட்டப்படியான உரிமை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, சரி. இது தானமாக வந்த மாடே இல்லையே.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்னது. பள்ளியிலேயே அடுப்பு எரிந்தால் அந்த ஊர்ப் பெண்கள் சிலருக்கு வேலை, கூடவே தலித் பெண் சமைத்ததை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சாப்பிடும் ஒரு பழக்கம். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கூடத்தில் சமைத்து வேனில் அனுப்பினால் சுத்தமும் அளவும் கூடும். இந்தப் பழக்கம் உருவாகும் இடம் இல்லாமல் போகும். கர்நாடகத்தில் 'பிசியூட்டா' (பள்ளி மதிய உணவு) சமையலர் சங்கங்கள் தொண்டு நிறுவனங்களிடம் சமையலை ஒப்படைப்பதை எதிர்த்தே வந்திருக்கின்றன.

அரசு பிடிக்கும் அகப்பை சுத்தமானது என்று நான் சொல்லவரவில்லை. திருப்பூர் மாவட்டத்தில் 2018-ல், பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று ஒரு பள்ளியை ஊர்க்காரர்கள் முற்றுகையிட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்தப் பெண் அரசு ஊழியர் என்பதால் அவரை அதே அடுப்பங்கரைக்குத் திரும்பக் கூட்டிவர அரசுக்கு ஒரு கட்டாயம் இருந்தது.

முட்டை

கர்நாடகம் 2021 டிசம்பரில் 'கல்யாண கர்நாடகம்' எனப்படும் வடகிழக்கு மாவட்டங்களின் பள்ளிகளில் முட்டை கொடுக்கத் தொடங்கியதும் லிங்காயத்து, ஜைன மடாதிபதிகள் எதிர்த்தார்கள். பள்ளியில் பிள்ளைகள் தனித்தனியாக உட்கார வேண்டிவரும், சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் மனம் புண்படும் என்பது வாதம். அப்போது கொப்பள மாவட்டத்து மாணவி ஒருத்தி பேசிய வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. முட்டையை நிறுத்தினால் மடத்துக்கே வந்து அங்கே உட்கார்ந்து சாப்பிடுவோம், ஒன்றல்ல இரண்டு என்கிற மாதிரி அவள் கேட்ட தொனி, பல கட்டுரைகள் செய்யாததைச் செய்தது. மறுத்த பிள்ளைக்கு வாழைப்பழம் அல்லது கடலை மிட்டாய் என்று ஏற்பாடானது. பிறகு மாநிலம் முழுக்க விரிந்தது. 2024-ல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை 3 ஆண்டுகளுக்கு 1,500 கோடி ரூபாய் தர ஒப்புக்கொண்ட பிறகு வாரத்தில் 6 நாளும் முட்டை.

தமிழ்நாட்டில் பிள்ளைகள் 1989-லிருந்தே முட்டை பார்த்தவர்கள். அங்கே இது பழைய செய்தி. ஆனால் அங்கேயும் அகப்பை கைமாறும் தருணம் ஒன்று வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் காலை உணவை அட்சய பாத்திராவிடம் கொடுக்க 2020-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஆளுநர் தன் விருப்ப நிதியிலிருந்து 5 கோடி கொடுத்தார். வெங்காயம், பூண்டுச் சண்டை அங்கேயும் எழுந்தது. ஆட்சி மாறி, 2022 செப்டம்பர் 15-ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியபோது, அது அரசு நேரடியாக நடத்தும் திட்டமாக வந்தது.

அட்டை கேட்காத வாசல்

இவ்வளவும் சொல்லிவிட்டு, மறுபக்கத்தின் பலத்தையும் சொல்லியாக வேண்டும். அது நம்மவர்களுக்கு, அதாவது பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்கு, நேரடியாகத் தெரிந்த பலம்.

தருமபுரியிலிருந்து வந்து இங்கே கட்டட வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டை ஊரில். வாடகை ஒப்பந்தம் கிடையாது. அரசு மருத்துவக் காப்பீடு கர்நாடக அட்டையைக் கேட்கும், தமிழ்நாட்டு அட்டையைக் காட்டினால் இன்னொரு கவுன்ட்டருக்கு அனுப்பும். ஒருமுறை இப்படி ஒருவரோடு ஓர் அரசு அலுவலகத்தில் நான் மூன்று நாள் அலைந்தேன். மூன்றாம் நாள் கிடைத்தது ஒரு விண்ணப்பப் படிவம், கன்னடத்தில். குருத்வாராவில் அப்படி இல்லை. செருப்பைக் கழற்றி, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் ரொட்டியும் பருப்பும் வரும். பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். ஒயிட்ஃபீல்டில் சத்ய சாயி மருத்துவமனை 2001 ஜனவரியில் திறந்தது. அங்கே பில் கவுன்ட்டரே கிடையாது. ஓசூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என்று பல ஊர்க்காரர்கள் விடிகாலையில் மஞ்சள் பையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே வருமானச் சான்றிதழ் என்ற பேச்சே எழுவதில்லை.

ஆனால் அந்த வாசலுக்கும் ஓர் அளவு உண்டு. இதயம், மூளை, தண்டுவடம் என்று சில சிறப்புப் பிரிவுகள்தான். காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை கொடுத்துப் பின்தொடர்வது, கொசு மருந்து அடிப்பது, சாக்கடைத் தண்ணீர் குடிநீர்க் குழாயில் கலக்காமல் பார்ப்பது, இதெல்லாம் எந்த மடமும் கையில் எடுக்காது. எடுக்கவும் முடியாது. கொடை எப்போதும் தனக்குப் பிடித்த துன்பத்தைத் தேர்ந்தெடுக்கும். இதய ஆபரேஷனுக்கு நன்கொடை கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள், சாக்கடைக்கு யாரும் வர மாட்டார்கள்.

2020–21 கொரோனாவில் இன்னொன்றையும் பார்த்தோம். சொந்தக்காரர்களே தொடப் பயந்த உடல்களை, 'மெர்சி ஏஞ்சல்ஸ்' என்ற பெயரில் முஸ்லிம் தன்னார்வலர்கள் எடுத்துச் சென்று, இந்து உடலை இந்து முறையிலும் கிறிஸ்தவ உடலைக் கிறிஸ்தவ முறையிலும் அனுப்பிவைத்தார்கள். அந்த வாரங்களில் அரசின் ஆம்புலன்ஸ் எண்கள் அடித்துக்கொண்டே இருந்தன. மத அமைப்பின் பலம் கட்டடத்தில் இல்லை. கூப்பிட்டால் இரவு இரண்டு மணிக்கு எழுந்துவரும் ஆட்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அதை எந்தச் சுற்றறிக்கையாலும் ஒரு வாரத்தில் உண்டாக்க முடியாது.

கொடையா, ஆசை காட்டலா?

அரசு இந்த அமைப்புகளை ஒரே கண்ணால் பார்க்கிறதா என்பதும் கேட்க வேண்டியதுதான். எந்த மதத்து அறக்கட்டளையும் வருமான வரி விலக்குப் பெறலாம், பொதுநல வேலைக்குக் கொடுப்பவர்களுக்கும் வரிச் சலுகைக்கு வழி உண்டு. வெளிநாட்டுப் பணம் என்று வரும்போது வாசல் குறுகிவிடுகிறது. 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, பணம் முதலில் டெல்லியில் ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20-ஆகக் குறைந்தது. வாங்கியவர் இன்னொரு அமைப்புக்கு அதைப் பகிர்ந்துகொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி சின்ன சின்ன கிறிஸ்தவப் பங்குக் கோயில்களின் தையல் வகுப்பையும் மாலை டியூஷனையும்தான் அதிகம் தொட்டது. அன்னை தெரசாவின் சபைக்கே 2021 கிறிஸ்துமஸ் அன்று அனுமதியைப் புதுப்பிக்க மறுத்து, இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்தார்கள்.

கர்நாடகத்தில் 2022-ல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம், 'ஆசை காட்டுதல்' என்பதற்கான விளக்கத்தில், மத அமைப்பு நடத்தும் பள்ளியில் இலவசக் கல்வி தருவதையும் சேர்த்திருந்தது. மதம் மாறச் சொல்லி அதைத் தந்தால் குற்றம் என்பதுதான் சட்டத்தின் வாசகம். என்றாலும் எந்த ஃபீஸ் தள்ளுபடி கருணை, எது ஆசை காட்டல் என்று ஒரு போலீஸ் ஸ்டேஷனில் யார் பிரித்துப் பார்ப்பது? 2023 ஜூனில் புதிய அமைச்சரவை இந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற முடிவெடுத்தது. ஒரு மதத்தின் சோறு 'பிரசாதம்', இன்னொரு மதத்தின் பள்ளி 'தூண்டில்' என்ற பார்வை மட்டும் தெருவில் இன்னும் அப்படியே இருக்கிறது.

அரசு தானே அகப்பையைப் பிடித்த ஒரு முயற்சி 2017 ஆகஸ்ட்டில் வந்த இந்திரா கேன்டீன்: காலையில் 5 ரூபாய், மதியம் 10 ரூபாய். நம் அம்மா உணவகத்தைப் பார்த்துச் செய்ததுதான். ஆட்டோ அண்ணனிடம் இரண்டையும் ஒப்பிடச் சொன்னேன். குருத்வாராவில்தான் மரியாதை அதிகம் என்றார், யோசிக்காமல். அப்புறம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா கேன்டீன்ல சாம்பார் தண்ணியா இருந்தா கத்தலாம் சார். அங்க எப்படிக் கத்தறது?" என்றார்.

அவருடைய சின்னவள் அப்போது பள்ளி விட்டு வந்துகொண்டிருந்தாள். முதுகில் பை, கையில் கழுவிய தட்டு. இன்றைக்கு மத்தியானம் என்ன போட்டார்கள் என்று கேட்டேன். வேனில் வந்தது, பள்ளியில் அவித்தது என்றெல்லாம் அவள் பிரிக்கவில்லை.

"முட்டை" என்றாள்.